ஆறு முகங்கள் சமமான கதை

ஆட்டின் பின்னங்கால் கணுவில் ஒரு சிறிய எலும்பு உண்டு. உருட்டிப் போட்டால் நான்கு பக்கங்களில் ஏதோ ஒன்றின் மேல் அது நிற்கும். மீதி இரண்டு முனைகளும் உருண்டிருப்பதால் அவற்றின் மேல் நிற்காது. கிரேக்கர்கள் இதை அஸ்ட்ரகலோஸ் என்றார்கள், ரோமானியர்கள் தாலுஸ் என்றார்கள். இரு கூட்டத்தாரும் நூற்றாண்டுக் கணக்கில் இதை வைத்து ஆடினார்கள். பள்ளிப் பாடநூலில் நாம் பார்க்கும் ஆறுமுகப் பகடைக்கு மூத்த உறவு இது.

நான்கு பக்கங்களும் ஒரே அளவல்ல. இரண்டு அகலம், இரண்டு குறுகல். அகலமான பக்கம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10க்கு 4 முறை விழும். குறுகிய பக்கம் ஒவ்வொன்றும் 10க்கு 1 முறைதான். அகலப் பக்கங்களின் மதிப்பு 3, 4. குறுகிய பக்கங்களின் மதிப்பு 1, 6. ரோமானியர்கள் நான்கு எலும்புகளைச் சேர்த்து வீசினார்கள். நான்கும் வெவ்வேறு பக்கம் காட்டினால் அது ‘வீனஸ்’, ஆட்டத்தின் தலைசிறந்த வீச்சு. இன்றைய கணக்கில் அதன் நிகழ்தகவு 24 × 0.4 × 0.4 × 0.1 × 0.1 = 0.0384, சுமார் 26 வீச்சுக்கு ஒன்று. நான்கு எலும்பும் 1 காட்டுவதற்கான நிகழ்தகவோ 0.1ஐ நான்கு முறை பெருக்கி வரும் 0.0001. வீனஸைவிட இது 384 மடங்கு அரிது. அரிய வீச்சுக்கே உயர்ந்த மதிப்பு என்று அவர்கள் கணக்குப் பார்த்திருந்தால் வீனஸுக்கு முதலிடம் கிடைத்திருக்காது.

வடிவகணிதத்தில் அவ்வளவு தூரம் போன கிரேக்கர்கள் இதை ஏன் எண்ணிப் பார்க்கவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். விழுவது தெய்வத்தின் விருப்பம் என்ற நம்பிக்கை ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அந்த எலும்பே பெரிய காரணமாகப் படுகிறது. ஆட்டுக்கு ஆடு எலும்பு மாறும். ஒன்றில் எண்ணிக் கண்டது இன்னொன்றுக்குப் பொருந்தாது. எல்லாப் பக்கமும் சமமாக உள்ள ஒரு பொருள் கைக்கு வராதவரை, ‘மொத்த வழிகள் இத்தனை, அவற்றில் நமக்குச் சாதகமானவை இத்தனை’ என்ற பின்னத்தை எழுதவே முடியாது. அந்தச் சமத்துவத்தை இயற்கை தரவில்லை. மனிதர்கள் செதுக்கியும் தேய்த்தும், ஏமாற்றியும் ஏமாந்தும், பல நூற்றாண்டுகளில் அதை உண்டாக்கினார்கள். பகடை நடந்து வந்த பாதை அதுதான்.

இந்தியாவில் எலும்பின் இடத்தில் காய் இருந்தது. ரிக்வேதம் பேசும் சூதாடி வீசியது தான்றிக்காய். திரிபலாவில் கடுக்காயோடும் நெல்லிக்காயோடும் சேர்கிற அதே தான்றி. அதற்குப் பக்கமே கிடையாது. அள்ளிய காய்களை நான்கு நான்காகப் பிரித்து மீதியைப் பார்த்தார்கள் என்பது அறிஞர்கள் தரும் விளக்கம். மீதம் இல்லையென்றால் கிருதம், மூன்று மிஞ்சினால் திரேதம், இரண்டு மிஞ்சினால் துவாபரம், ஒன்று மிஞ்சினால் கலி. யுகங்களுக்கு உள்ள அதே நான்கு பெயர்கள். நளனைப் பிடித்தாட்டிய கலி, தோற்கிற வீச்சின் பெயரைத் தாங்கியவன்.

புகழேந்தியின் நளவெண்பா வழியாகத் தமிழரும் அறிந்த அந்தக் கதையில், கணக்கு ஆசிரியர்கள் வகுப்பில் சொல்ல வேண்டிய ஓர் இடம் வருகிறது. மகாபாரதம் சொல்கிறபடி, நளன் தேரோட்ட, இருதுபர்ணன் என்ற அரசன் வழியில் ஒரு தான்றி மரத்தைப் பார்க்கிறான். அதன் இரண்டு கிளைகளில் எத்தனை இலை, எத்தனை காய் என்று நின்று எண்ணாமலே சொல்லிவிடுகிறான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான். தொகை சரியாக இருக்கிறது. எப்படி முடிந்தது என்று கேட்டால், எனக்குப் பகடையின் நுட்பமும் தெரியும், எண்ணும் வித்தையும் தெரியும் என்கிறான் அரசன். சூதும் மதிப்பீட்டுக் கணக்கும் ஒரே குடும்பம் என்பதைக் கதை சொன்னவர் உணர்ந்திருக்கிறார். வித்தை எப்படி வேலை செய்தது என்பதை மட்டும் கதை நமக்குத் தரவில்லை.

கனசதுரப் பகடையும் மிகப் பழையது. மொகஞ்சதாரோவிலும் ஹரப்பாவிலும் கிடைத்த பகடைகளுக்கு 4000 வயதுக்கு மேல். புள்ளிகள் இன்றுபோலவே 1 முதல் 6 வரை. அவை அமைந்த விதம் மட்டும் வேறு. 1க்கு எதிரே 2, 3க்கு எதிரே 4, 5க்கு எதிரே 6. வைகைக் கரையில் கீழடியிலும் பகடை கிடைத்திருக்கிறது. இன்று கடையில் வாங்கும் பகடையில் எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் எப்போதும் 7 வரும். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ரோமானியரிடம் எலும்போடு கனசதுரமும் புழங்கியது. ஆனால் அது பெரும்பாலும் கனசதுரம் என்று சொல்லும்படி இருந்ததில்லை. ஜெல்மர் ஈர்கன்ஸ், அலெக்ஸ் டி வூக்ட் என்ற இரு ஆய்வாளர்கள் நெதர்லாந்தில் கிடைத்த 110 பழம் பகடைகளை அளந்து 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ரோமானியர் காலப் பகடைகள் பலவும் ஒரு பக்கம் நீண்டும் இன்னொரு பக்கம் சப்பையாகவும் இருந்தன. 1100க்குப் பிறகு வந்தவற்றில் பெரும்பாலும் 1-2, 3-4, 5-6 அமைப்பு. 1450ஐ ஒட்டி எல்லாம் மாறுகிறது. வடிவம் சீராகிறது, எதிர்முகங்கள் 7க்கு வருகின்றன.

7க்கு வந்ததில் ஒரு நயம் உண்டு. ஒரு பகடை ஏதோ ஒரு திசையில் கொஞ்சம் சப்பையாகிவிட்டது என்று கொள்வோம். அந்தத் திசையின் இரண்டு முகங்களும் மற்றவற்றைவிட அதிகம் விழும். பழைய அமைப்பில் 5-6 திசை சப்பையானால் பெரிய எண்கள் இரண்டும் சேர்ந்தே கூடும். 5க்கும் 6க்கும் தலா 0.18, மற்ற நான்குக்கும் தலா 0.16 என்று வைத்தால், நீண்ட காலச் சராசரி 3.5இலிருந்து 3.58க்கு ஏறிவிடும். 7 அமைப்பில் எந்தத் திசை சப்பையானாலும் ஒரு பெரிய எண்ணோடு ஒரு சிறிய எண்ணும் சம அளவில் கூடும். சராசரி 3.5லேயே நிற்கும். பகடை செய்தவர் இப்படிக் கணக்குப் போட்டுத்தான் மாற்றினார் என்று நான் சொல்லவில்லை. செதுக்குகிறவரின் கைப்பிழையை ஓரளவு ஈடுகட்டுகிற அமைப்பு அது என்பது மட்டும் உறுதி.

பகடையின் நேர்மைக்காக மனிதர்கள் பட்ட பாடு பொருள்களாகவே கிடைத்திருக்கிறது. ஜெர்மனியில் கிடைத்த 4ஆம் நூற்றாண்டு ரோமானிய வெண்கலக் கோபுரம் ஒன்று அவற்றில் முக்கியமானது. மேலே பகடையைப் போட்டால் உள்ளே சாய்வான தகடுகளில் மோதிப் புரண்டு கீழே வந்து விழும். வீசுகிறவரின் கைவித்தைக்கு அங்கே வேலை இல்லை. இன்னொரு பக்கம், லண்டன் தேம்ஸ் கரையில் கிடைத்த 15ஆம் நூற்றாண்டின் ஈயக் கலவைக் கிண்ணம். அதனுள் 24 எலும்புப் பகடைகள். பலவற்றின் உள்ளே பாதரசம் ஊற்றி அடைத்திருந்தது, சிலவற்றில் ஆறு எண்களும் இல்லை. அந்தப் பாதரசம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. எடை ஒரு பக்கம் கூடினால் எதிர்ப்பக்கம் மேலே வரும் வாய்ப்பு கூடும் என்று அந்த ஏமாற்றுக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. எடை சமமானால் வாய்ப்பும் சமம் என்பது அதே அறிவின் மறுபக்கம். அறிஞர்கள் ஏட்டில் எழுதும் முன்பே பட்டறையில் அது இருந்தது.

ஏட்டில் எழுதியவர்களுக்கு வருவோம். 10ஆம் நூற்றாண்டில் காம்ப்ரே நகர ஆயர் விபோல்ட், குருமார்களுக்காக ஒரு பகடை ஆட்டம் அமைத்தார். மூன்று பகடை வீசினால் வரக்கூடிய 56 சேர்க்கைகளுக்கும் 56 நற்பண்புகளை ஒதுக்கினார். 13ஆம் நூற்றாண்டின் ‘தெ வெதுலா’ என்ற லத்தீன் நெடுங்கவிதை ஒரு படி மேலே போனது. 56 சேர்க்கைகளும் ஒரே எடை கொண்டவையல்ல, அவை மொத்தம் 216 வழிகளில் விழுகின்றன என்று அது கணக்கிட்டது. 6 × 6 × 6 = 216. நிகழ்தகவின் வரலாற்றில் பிரெஞ்சுக் கணிதர் பாஸ்கலுக்குக் கிடைக்கும் புகழில் ஒரு பங்கு இந்தக் கவிதைக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து.

56க்கும் 216க்கும் உள்ள வேறுபாட்டில் இன்றும் பத்தாம் வகுப்பு மாணவர்கள் தடுக்கி விழுகிறார்கள். அதைத் தெளிவாக்க நம் தாயக்கட்டையைவிட நல்ல கருவி இல்லை. நீளமான இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் நான்கு முகம்: 1, 2, 3, ஒன்றுமில்லாத வெறும் முகம். இரண்டையும் உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்து உருட்டுகிறோம். ஒரு கட்டையில் சிவப்பு நூல் கட்டிவிட்டால் குழப்பம் தீரும். நூல் கட்டியது 1 காட்டி மற்றது வெறுமையாக இருப்பது ஒரு வழி. நூல் கட்டியது வெறுமை, மற்றது 1 என்பது இன்னொரு வழி. இரண்டுமே தாயம். மொத்தக் கூறுவெளி 4 × 4 = 16. ஆகவே தாயத்தின் நிகழ்தகவு 2/16. இரண்டும் வெறுமை காட்டும் பன்னிரண்டு ஒரே வழியில்தான் விழும், 1/16. இரண்டும் 3 காட்டும் ஆறும் 1/16. ஐந்து 2/16. இரண்டும் நான்கும் தலா 3/16. மூன்றுதான் மிகுதி: 1-2, 2-1, வெறுமை-3, 3-வெறுமை என்று 4/16. எல்லாவற்றையும் கூட்டினால் 16/16.

பல ஊர்களில் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம். ஒரே உருட்டலில் இவற்றில் இரண்டு சேர்ந்து வர முடியாது. ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள். ஆகவே தயங்காமல் கூட்டலாம்: 2 + 2 + 1 + 1 = 6, அதாவது 6/16. எட்டு உருட்டலில் சராசரியாக மூன்றுக்கு மறு உருட்டல் கிடைக்கும். திண்ணையில் காய் நகர்த்திய கிழவிகள் இந்தப் பின்னத்தை எழுதிப் பார்த்ததில்லை. ஆனால் வெட்டுப்படாமல் எந்தக் கட்டத்தில் காயை நிறுத்துவது என்ற அவர்களின் முடிவுகளில் மூன்று அதிகம் விழும், பன்னிரண்டு அரிது என்ற பட்டறிவு இருந்தது.

இத்தாலிய மருத்துவரும் தீவிரச் சூதாடியுமான கார்டானோ (1501-1576) இதையெல்லாம் முறையாக எழுதிய முதல் ஆள். இரண்டு பகடைக்கு 36 வழி, மூன்றுக்கு 216 வழி, சாதகமானவற்றை மொத்தத்தோடு ஒப்பிடு, பகடை நேர்மையாக இருந்தால்தான் இந்த விதி என்றெல்லாம் எழுதினார். நூல் அச்சானது 1663இல், அவர் இறந்து 87 ஆண்டு கழித்து. இடையில் கலிலியோவிடம் ஒரு கேள்வி வந்து சேர்ந்தது. மூன்று பகடையின் கூட்டுத்தொகை 9 வர ஆறு சேர்க்கைகள், 10 வரவும் ஆறு சேர்க்கைகள். பிறகு ஏன் 10 அதிகம் விழுவதாக ஆட்டக்காரர்கள் கருதுகிறார்கள்? கலிலியோ வழிகளை எண்ணினார். 1-2-6 ஆறு வழிகளில் விழும், 1-4-4 மூன்று வழிகளில் விழும், 3-3-3 ஒரே வழியில் விழும். எல்லாம் சேர்த்து 9க்கு 25 வழி, 10க்கு 27 வழி.

216இல் இரண்டு வழி என்றால் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அவ்வளவு சிறிய வேறுபாட்டை ஆட்டக்காரர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள் என்பது இந்தக் கதையில் என்னை மிகவும் கவர்ந்த இடம். அதற்கு ஆயிரக்கணக்கான வீச்சுகள் வேண்டும், அந்த வேறுபாட்டை மறைக்காத அளவுக்குச் சீரான பகடையும் வேண்டும். ரோமானியரின் சப்பைப் பகடையில் இந்தக் கேள்வி பிறந்தே இருக்காது.

1654இல் பாரிஸில் அடுத்த கேள்வி வந்தது. தெ மெரே என்ற கனவான் பாஸ்கலிடம் ஒரு முரண்பாட்டைக் கொண்டுவந்தார். ஒரு பகடையை 4 முறை வீசி ஒரு 6ஆவது விழும் என்று பந்தயம் கட்டினால் லாபம். இரண்டு பகடையை 24 முறை வீசி ஓர் இரட்டை ஆறாவது விழும் என்று கட்டினால் நட்டம். 6 முகத்துக்கு 4 வீச்சு, 36 வழிக்கு 24 வீச்சு, விகிதம் ஒன்றுதானே, கணக்கே பொய்யா என்று கேட்டார். பாஸ்கல் இதை ஜூலை 29 தேதியிட்ட கடிதத்தில் தூலூஸ் நகரிலிருந்த இன்னொரு கணிதர் ஃபெர்மாவுக்கு எழுதினார்.

தெ மெரே சறுக்கிய இடத்தில் பெரும்பாலான மாணவர்களும் சறுக்குவார்கள். ஒரு வீச்சுக்கு 1/6, நான்கு வீச்சுக்கு 4/6 என்று கூட்டத் தோன்றும். அப்படிக் கூட்டினால் 6 வீச்சில் 6 விழுவது உறுதி என்றாகிவிடும். ஆறு முறை உருட்டியும் 6 காணாதவர் யார்தான் இல்லை? தாயத்தையும் ஐந்தையும் கூட்டியது சரி, அவை சேர்ந்து வரா. முதல் வீச்சில் 6 விழுவதும் இரண்டாம் வீச்சில் 6 விழுவதும் சேர்ந்தே வரலாம், அதனால் கூட்டக் கூடாது. நேர்வழி, விழாமல் போவதைக் கேட்பது. ஒரு வீச்சில் 6 விழாத வாய்ப்பு 5/6. வீச்சுகள் ஒன்றையொன்று சாராதவை என்பதால் பெருக்கலாம்: நான்கிலும் விழாத வாய்ப்பு 625/1296. இதை 1இலிருந்து கழித்தால் 671/1296, அதாவது 0.5177. பாதிக்கு மேல். இரட்டை ஆறுக்கு 35/36ஐ 24 முறை பெருக்கி 1இலிருந்து கழித்தால் 0.4914. பாதிக்குக் கீழ். இன்னும் ஒரே ஒரு வீச்சு சேர்த்து 25 ஆக்கினால் 0.5055, பந்தயம் லாபத்துக்குத் திரும்பிவிடும்.

இதே கழித்தலைத் தாயத்துக்கும் செய்து பார்க்கலாம். தாயம் விழாமல் காயை இறக்க முடியாது. எட்டுக்கு ஒன்று என்பதால் எட்டு முறைக்குள் விழுந்துவிடும் என்று எதிர்பார்ப்போம். 7/8ஐ எட்டு முறை பெருக்கினால் 0.34. மூன்றில் ஒருவருக்கு எட்டு உருட்டலிலும் தாயம் கிடைக்காது. அப்படி உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்பதாவது உருட்டலில் வாய்ப்பு கூடியிருக்கும் என்று மனம் சொல்லும். கூடாது. அதே 1/8. பித்தளைக்கு முந்திய உருட்டல் தெரியாது. தோற்றுக்கொண்டே இருப்பவரைப் பந்தயத்தில் பிடித்து வைக்கும் மயக்கம் இதுதான், அதனால் பதினைந்து வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் இதை உருட்டிப் பார்த்தே அறிந்துவிட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அந்தக் கடிதங்களுக்குப் பிறகு நிகழ்தகவு தனி நூல்களாக வந்தது: 1657இல் கணிதர் ஹைகன்ஸின் சிறுநூல், 1713இல் யாக்கோப் பெர்னூலியின் பெருநூல். பெர்னூலி நிறுவியது இது: வீச்சுகள் பெருகப் பெருக, உண்மையில் விழும் விகிதம் அதன் நிகழ்தகவை எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கியிருக்கும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். இதனால் கேள்வியைத் திருப்பிப் போட முடிந்தது. பகடை சமம் என்று வைத்துக்கொண்டு வாய்ப்பைக் கேட்பது ஒன்று. வீச்சுகளை எண்ணி, இந்தப் பகடை சமமா என்று கேட்பது இன்னொன்று. ஒன்பதாம் வகுப்பில் பட்டறி நிகழ்தகவு என்று படிப்பது இந்த இரண்டாவதைத்தான்.

ஸ்விட்சர்லாந்தின் வானியலாளர் ருடால்ஃப் வோல்ஃப் 19ஆம் நூற்றாண்டில் இதற்காக 20,000 முறை பகடை வீசினார். அவருடைய வெள்ளைப் பகடையில் 1 முதல் 6 வரை விழுந்த எண்ணிக்கை இது: 3246, 3449, 2897, 2841, 3635, 3932. சமமான பகடையில் ஒவ்வொன்றும் 3333ஐ ஒட்டி வர வேண்டும். 50, 60 கூடலாம் குறையலாம். இங்கே 6 கிட்டத்தட்ட 600 கூடியிருக்கிறது, 4 ஏறத்தாழ 500 குறைந்திருக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் ஜேன்ஸ் என்ற இயற்பியலாளர் பகடையைப் பார்க்காமலே, இந்த எண்களை வைத்து அதன் உடலை விவரித்தார். 3உம் 4உம் எதிரெதிர் முகங்கள், இரண்டுமே குறைந்திருக்கின்றன, ஆகவே பகடை அந்தத் திசையில் நீண்டிருந்தது. 6இன் முகத்தில் ஆறு குழிகள் தோண்டியதால் அந்தப் பக்கம் எடை குறைந்து மேலே வந்தது.

1894இல் இங்கிலாந்தின் வெல்டன் 12 பகடைகளைச் சேர்த்து 26,306 முறை வீசிய கணக்கை எழுதினார். மொத்தம் 3,15,672 பகடை முகங்கள். 5 அல்லது 6 விழ வேண்டியது 1,05,224. விழுந்தது 1,06,602. இந்தக் கூடுதல் தற்செயலா, பகடையின் குறையா என்று தீர்மானிக்க ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 1900இல் கை-வர்க்கச் சோதனையை வெளியிட்டபோது இந்த எண்களை அதற்கு எடுத்துக்காட்டாக வைத்தார். மருந்தும் விதையும் உரமும் பலன் தருகின்றனவா என்று இன்றும் அந்தச் சோதனையால் பார்க்கிறார்கள். பகடைக் கூடுதலுக்கு மட்டும் குழிகளின் எடைக்குறைவே காரணமாகச் சொல்லப்பட்டு வந்தது. சூதாட்ட விடுதிகளில் இன்று குழிகளை அதே அடர்த்தியுள்ள பொருளால் நிரப்பி, முகத்தைச் சமமாக மழிப்பது இந்தக் குறையைப் போக்கத்தான்.

2009இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சக்கரையா லாபி ஒரு இயந்திரம் செய்தார். 12 சாதாரணப் பகடைகளைப் பெட்டியில் போட்டு அது குலுக்கும், படம் எடுக்கும், கணினி புள்ளிகளை எண்ணும். வெல்டனைப்போலவே 26,306 முறை. முகங்கள் சமமாக விழவில்லை. ஆனால் கூடியது 5உம் 6உம் அல்ல, 1உம் 6உம். குழிதான் காரணம் என்றால் ஒரே குழியுள்ள 1 கூடியிருக்கக் கூடாது. லாபி அளவுகருவியை எடுத்துப் பகடைகளை அளந்தார். 1-6 திசை மற்ற இரண்டு திசைகளைவிடச் சுமார் 0.2 சதவீதம் குட்டை. ஒரு சென்டிமீட்டர் பகடையானால் 0.02 மில்லிமீட்டர், ஒரு தலைமயிரின் தடிமனுக்கும் குறைவு. எதிரெதிரே இருக்கும் 1உம் 6உம் ஒரே அளவு கூடுவதால், முகங்கள் சமமாக இல்லாவிட்டாலும் அந்தப் பகடையின் எதிர்பார்ப்புச் சராசரி 3.5ஐ விட்டு நகராது.